சீல் அக்காவின் நீலக் கூடை

என் தொழில் தள்ளுவது. பதினோரு வருஷமாக ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலி தள்ளுகிறேன். எங்கள் மூன்றாம் மாடி வார்டில் மற்ற எல்லோருக்கும் தொழில் தள்ளிப்போடுவது. இதைத் தலைமை நர்ஸின் காதுபடச் சொன்னதற்காக ஒரு வாரம் என்னைப் பிணவறைப் பக்கம் போட்டார்கள். அங்கே யாரும் 'இன்னும் எவ்வளவு நேரம்' என்று கேட்பதில்லை. நன்றாகத்தான் இருந்தது.

சொல்ல வந்தது என்னைப் பற்றி அல்ல, சீல் அக்காவைப் பற்றி. எங்கள் வார்டு கிளார்க். ஐம்பத்திரண்டு வயது, ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக்கண்ணாடி, வலது கட்டைவிரலில் எந்தச் சோப்புக்கும் மசியாத நீல மை. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. ஒரு ஃபைலின் மேல் அக்கா ரப்பர் ஸ்டாம்பை இறக்கினால் கடைசிக் கட்டிலில் தூங்குகிறவர் புரண்டு படுப்பார். அப்படி வந்த பெயர்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று புது நர்ஸ் யாராவது அசட்டுத் துணிச்சலில் கேட்டால், "வந்த ஃபைல் எதுவும் சரியா இல்ல, திருப்பி அனுப்பிட்டேன்" என்பார். வீட்டில் அவரும் தங்கையும்தான். தங்கை பஸ் கண்டக்டர். ஆக, அந்த இரண்டு அறை வீட்டில் ஒருவர் "வரிசையில வாங்க" என்பார், இன்னொருவர் "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்பார். ஒருமுறை அவர்கள் வீட்டுக்கு ஒரு அலமாரி தூக்கிக் கொடுக்கப் போனேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உத்தரவு போட்டதில், அலமாரியோடு வாசற்படியிலேயே கால் மணி நேரம் நின்றேன்.

அக்காவின் மேஜை வார்டின் நுழைவிலேயே இருக்கிறது. மேஜைக்கும் கட்டில்களுக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு. உட்கார்ந்த இடத்திலிருந்தே வார்டைப் பார்க்கத்தான் கண்ணாடி போட்டார்கள். ஆனால் 'கை கழுவவும்', 'சத்தம் போடாதீர்', 'செல்போனை அணைக்கவும்', 'இங்கே நோட்டீஸ் ஒட்டாதீர்' என்று ஒன்றின் மேல் ஒன்றாக நோட்டீஸ் ஒட்டி ஒட்டி, அக்காவுக்கு ஒரு கட்டில்கூடத் தெரியாமல் போய்விட்டது. தெரிந்து என்ன ஆகப்போகிறது என்பது அவர் கட்சி. நோயாளி என்றால் அவருக்கு ஃபைல். ஃபைல் சரியாக இருந்தால் ஆள் சரியாக இருப்பார்.

மேஜையின் இடது ஓரத்தில் நீலப் பிளாஸ்டிக் கூடை. வீட்டுக்குப் போகிறவர்களின் ஃபைல் வந்ததும் அக்கா பக்கங்களைச் சரிபார்த்து, நேரம் எழுதி, ஸ்டாம்பை இறக்கி, அந்தக் கூடையில் வைப்பார். சின்ன டாக்டர் வருவார். மேலே இருப்பதை எடுத்து, நோயாளிக்கு என்ன வந்தது, என்ன செய்தோம், இனி என்ன மாத்திரை என்றெல்லாம் எழுதித் தருவார். எழுதினால்தான் மருந்தகம் மருந்து கட்டும், நர்ஸ் விளக்கிச் சொல்வார், நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருவேன். கூடையிலிருந்து பொறுக்குவது, நடுவிலிருந்து உருவுவது, 'இதை மட்டும் கொஞ்சம் முன்னால' என்பது, எதுவும் நடக்காது. ஒரு பெரிய மனிதரின் மைத்துனர் வந்து மேஜையைத் தட்டிப் பார்த்தார். "தட்டாதீங்க, மை கொட்டும்" என்றார் அக்கா. மைத்துனர் சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

என் மனைவி குடல்வால் ஆபரேஷன் முடிந்து எங்கள் வார்டிலேயே இருந்தபோது நானும் கெஞ்சிப் பார்த்தேன். "உன் பொண்டாட்டி ஃபைலை முன்னாடி எடுத்தா, மத்தவன் பொண்டாட்டியெல்லாம் என்ன பாவம் பண்ணாங்க?" என்று கேட்டார். ஆறு மணிக்குத்தான் கூட்டிக்கொண்டு போனேன். வயிறு எரிந்தது. ஆனாலும் மனதுக்குள் ஒரு மரியாதை. பெரிய மனிதரின் மைத்துனனுக்கும் எனக்கும் ஒரே நியாயம் கிடைத்த இடம் அந்தக் கூடை ஒன்றுதான்.

இப்போது இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். காலை எட்டு மணிக்குப் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார். கட்டில் கட்டிலாக நின்று பார்த்து, சிலரிடம் மட்டும் ஒரே ஒரு வார்த்தை சொல்வார்: "போகலாம்." சொன்ன மறு நிமிடம் அவர் போய்விடுவார். வேறு யாரும் போக முடியாது.

அதைக் கேட்டதும் நோயாளி ஆஸ்பத்திரி உடுப்பைக் கழற்றிச் சொந்தத் துணி உடுத்தி, தலை வாரி, செருப்புக்குள் காலை நுழைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிடுவார். உறவுக்காரர்கள் வண்டிக்குச் சொல்லிவிடுவார்கள். மணி பத்தாகும். வந்த வண்டி திரும்பிப் போகும். மத்தியானம் சாப்பாட்டு வண்டி வரும், அவர் பெயர் பட்டியலில் இருக்காது. அவர்தான் போய்விட்டாரே. பக்கத்துக் கட்டில்காரர் பாதி ரொட்டி கொடுப்பார். சாயங்காலம் நான் நாற்காலியோடு போய் நின்றால், தூக்கத்திலிருந்து எழுந்து, "எங்க போறோம்?" என்று கேட்டவர்கள் உண்டு.

இதை வைத்து நானும் பினாயிலும் தினமும் டீ பந்தயம் கட்டுவோம். பினாயில் என்பது வார்டைத் துடைக்கும் பெண்மணி. அவர் வருவதற்கு முன்னால் வாசனை வந்துவிடும். இன்றைக்குக் கடைசியாகப் போகப்போவது யார் என்பதுதான் பந்தயம். நான் எப்போதும் முதலில் செருப்பு மாட்டியவரைச் சொல்வேன். நாலு வருஷத்தில் தோற்ற நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எனக்குக் குறி சொல்ல வரும் என்று பினாயில் லிஃப்ட்காரரிடம் சொல்லி வைத்ததில், அவர் ஒருநாள் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு வந்து நின்றார். ரொம்ப ஆசைப்பட்டால் எதுவும் நடக்காது என்று நான் ஒரு சித்தாந்தமே வைத்திருந்தேன். வேறு காரணம் இருக்கும் என்று என் மரமண்டைக்குத் தோன்றவில்லை.

மேலே கட்டில் காலியாகாவிட்டால் கீழே அவசரப் பிரிவில் ஆட்கள் டிராலியிலேயே கிடப்பார்கள். டிராலி வரிசை நீண்டு நீண்டு நிர்வாகியின் அறைக் கதவு திறக்க முடியாத நிலைமை வந்தபோதுதான் நிர்வாகம் விழித்துக்கொண்டது. தாமதத்தைக் குறைக்க ஒருவரைப் போட்டார்கள். அவர் முன்பு பிஸ்கட் கம்பெனியில் இருந்தவர். அங்கே மாவாக உள்ளே போனது பாக்கெட்டாக வெளியே வரும் நேரத்தைப் பாதியாக்கியவராம். பிஸ்கட் சார் என்று அவருக்குப் பெயர் வைக்க எங்களுக்கு ஐந்து நிமிடம் ஆனது. எங்கள் வார்டில் அவ்வளவு சீக்கிரம் முடிந்த வேலை வேறு இல்லை.

மூன்று வாரம் ஸ்டாப்வாட்சோடு எங்கள் பின்னாலேயே அலைந்தார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மஞ்சள் சீட்டு எழுதிச் சுவரில் வரிசையாக ஒட்டினார். 'போகலாம்' என்பதில் ஆரம்பித்து, ஆள் வாசலைத் தாண்டும் வரை இருபத்தேழு சீட்டு. நான் கடைசிச் சீட்டு. என் பெயருக்குப் பக்கத்தில் 'நாலு நிமிடம்' என்று போட்டிருந்தார். அவர் மேல் எனக்குப் பிரியம் வந்தது அப்போதுதான்.

'போகலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிக்கொண்டார். "உடம்பு தேறிடுச்சுன்னு அர்த்தம்" என்றார் பெரிய டாக்டர். "நான் எழுதணும்னு அர்த்தம், எப்போன்னு அவர் சொல்லல" என்றார் சின்ன டாக்டர். "அப்படி ஒரு வார்த்தை இங்க வந்து சேர்ந்ததே இல்லையே" என்றார் மருந்தகத்துக்காரர். காலையிலிருந்து செருப்போடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "போகக் கூடாதுன்னு அர்த்தம் சார், எனக்கும் இன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்றார். சீல் அக்கா கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்து, "என் கூடைக்கு ஒரு ஃபைல் வரும்னு அர்த்தம். வேற என்ன?" என்றார்.

கடைசியில் எல்லோரையும் கூட்டி வைத்துக் கணக்குச் சொன்னார். அந்த வார்த்தைக்கும் வாசலுக்கும் நடுவே சராசரியாக ஆறு மணி நாற்பது நிமிடம். அதில் யாராவது கையை வைத்து வேலை பார்ப்பது முப்பத்தெட்டு நிமிடம்.

"மீதி நேரமெல்லாம் ஃபைல் எங்கேயோ சும்மா கிடக்குது. அதுல ரெண்டு மணி அம்பது நிமிஷம் இந்தக் கூடையில" என்றார்.

அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"கூடை என்ன பண்ணும்? எழுதறவர் வந்தாத்தானே காலியாகும்?"

"அதாம்மா, கூடையே வேண்டாங்கறேன். ஃபைல் வந்த உடனே நேரா டாக்டர் கையில..."

"டாக்டருக்கு எத்தனை கை? இது பிஸ்கட் இல்ல சார். பத்தொம்பது வருஷத்துல இங்க ஒரு ஃபைல் தொலைஞ்சதில்ல, ஒரு ஆள் வரிசையைத் தாண்டிப் போனதில்ல. நீங்க வந்து மூணு வாரம்தான் ஆச்சு, கையில இருக்கற வாட்சையே ரெண்டு தடவை தொலைச்சிட்டீங்க."

அது உண்மைதான். இரண்டு தடவையும் கழிவறையிலிருந்து பினாயில்தான் எடுத்துவந்து கொடுத்தார். பிஸ்கட் சார் வாட்சைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். 'போகலாம்' என்று மொட்டையாகச் சொல்லக் கூடாது, முந்தின நாளே நேரத்தோடு சொல்ல வேண்டும் என்று மட்டும் ஒரு விதி போட்டார். பெரிய டாக்டர் தலையாட்டிவிட்டு மறுநாள் காலை ஆறு பேரிடம் "போகலாம்" என்றார். கூடை இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்த மறுநாள் ஒரு செவ்வாய்க்கிழமை. ஆறு பேரில் ஐந்து ஆண்கள், ஒரு பெண். அந்தப் பெண் ஒன்பதாம் கட்டில் தபால்காரம்மா. மஞ்சள் காமாலைக்காக வந்தவர். எட்டு பத்துக்கே செருப்பு மாட்டி, பையை மடியில் வைத்து, தபால் பட்டுவாடாவுக்குக் கிளம்புகிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். நான் வழக்கம்போல அவர் மேல் பந்தயம் கட்டினேன்.

பத்து மணிக்குப் பிறகு ஸ்டாம்ப் சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். அக்காவுக்கு அவசரப் பிரிவிலிருந்து போன் வந்து கீழே போயிருக்கிறார் என்றார்கள். பத்தேமுக்காலுக்குத் திரும்பி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்டாம்பை எடுத்து, மையில் ஒற்றி, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, சத்தத்தையே காணோம்?"

"என் தங்கச்சி கீழ டிராலியில கிடக்காடா."

இரண்டு வாரத்துக்கு முன்னால் பஸ்ஸில் யாரோ இறக்கிய இரும்புப் பெட்டி தங்கையின் வலது கால் விரலில் விழுந்திருக்கிறது. சர்க்கரை உடம்பு. அக்கா கத்துவாரே என்று பயந்து, வீட்டிலும் காலுறையைக் கழற்றாமலே திரிந்திருக்கிறார். அன்று காலை ஜுரம் அடித்து, படியில் கால் வைக்க முடியாமல் தடுமாறியதைப் பார்த்த டிரைவர், பஸ்ஸை நேராக எங்கள் ஆஸ்பத்திரிக்கே விட்டுவிட்டார். பயணிகளோடுதான். ஒருவர்கூட ஒன்றும் சொல்லவில்லையாம். இரண்டு பேர் மட்டும் வந்தது வந்தோம் என்று ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு போனார்களாம்.

"விரல் கறுத்துப்போச்சு. இன்னிக்கே எடுத்துட்டா ஒரு விரலோட போயிடும்ங்கறார் சர்ஜன். பன்னெண்டரைக்கு தியேட்டர்ல ஒரு இடம் இருக்கு. ஆனா வார்டுல பொம்பளைக் கட்டில் பன்னெண்டுக்குள்ள உறுதியாகணும். இல்லேன்னா அந்த இடம் வேற ஆளுக்கு. அடுத்தது நாளை மறுநாள்தான்."

"நாளை மறுநாள்னா?"

"பாதம் தங்குமான்னு சொல்ல முடியாதுங்கறார்." அக்கா ஸ்டாம்பைக் கீழே வைத்தார். "கண்டக்டர்டா அவ. நாள் முழுக்க நிக்கணும்."

அவசரப் பிரிவில் பெண்கள் வரிசையில் அவர் தங்கைதான் அடுத்தது. காலியாக வேண்டிய பெண் கட்டில் ஒன்பதாம் நம்பர் ஒன்றுதான். கட்டில்காரரோ செருப்பு மாட்டித் தயாராக உட்கார்ந்திருக்கிறார். ஃபைல் கூடையில் இருக்கிறது. சின்ன டாக்டர் இரண்டு ஃபைல் முடித்துவிட்டு யாருக்கோ மூச்சுத் திணறல் என்று ஓடியிருந்தார். திரும்பி வந்து மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தால் ஒன்பதாம் நம்பர் மத்தியானம் தாண்டும். கையில் எடுத்தால் கால் மணி நேர வேலை.

அக்காவின் கை கூடைப் பக்கம் போனது. நின்றது. திரும்ப மடிக்கு வந்தது.

"எடுங்கக்கா. யாரு பார்க்கப் போறாங்க?"

"உன் பொண்டாட்டிக்கு எடுத்தேனா நான்? வந்து அழுதவங்க யாருக்காவது எடுத்தேனா? என் தங்கச்சின்னதும் உருவி எடுத்தா, அவங்க முகத்துல எல்லாம் நான் எப்படி முழிக்கிறது?"

"ஐயோ அக்கா, அந்தத் தபால்காரம்மாவுக்குத்தானே முதல்ல சொன்னாங்க. அவங்களைக் கடைசியா அனுப்பறதுதான் நியாயமா?"

"என்ன உளர்றே?"

"எட்டு பத்துக்கே செருப்பு மாட்டிட்டாங்க. நான் பினாயில்கிட்ட டீ பந்தயமே கட்டியிருக்கேன்."

"என்ன பந்தயம்?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். பந்தய விஷயம் அக்காவுக்குத் தெரியாது. வேறு வழியில்லாமல் சொன்னேன். "யாரு முதல்ல கிளம்பி உக்காரறாங்களோ அவங்கதான் கடைசியா போவாங்கன்னு. நாலு வருஷமா நான்தான் ஜெயிக்கிறேன்."

அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எதையும் வெளியே எடுக்காமல், கூடையில் இருந்த ஃபைல்களின் ஓரத்தை மட்டும் விரலால் விலக்கிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஸ்டாம்புக்குக் கீழே அவர் கையெழுத்திலேயே நேரம் இருந்தது. மேலே இருந்தது, ஒன்பது ஐந்து. அதற்குக் கீழே, எட்டு ஐம்பது. அதற்குக் கீழே, எட்டு முப்பது. அடியில் தபால்காரம்மா, எட்டு பதினாலு.

சின்ன டாக்டர் ஏற்கெனவே முடித்த இரண்டும் அதற்கும் பிறகு வந்தவை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முதலில் வந்த ஃபைல் முதலில் கூடைக்குள் போகும். அடுத்தது அதன் மேல். அதற்கடுத்தது அதற்கும் மேல். சின்ன டாக்டர் வந்து எடுப்பது மேலே இருப்பதை. அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று வந்து உட்காரும். அடியில் போனவர் அடியிலேயே கிடக்க வேண்டியதுதான். அக்கா ஃபைலைப் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை. நான் ஆளைப் பார்த்தேன், கூடையைப் பார்க்கவில்லை. பிஸ்கட் சார் ஒவ்வொரு ஃபைலுக்கும் வாட்சைப் பிடித்தார், எது எதை முந்துகிறது என்று பார்க்கவில்லை. நடுவே 'சத்தம் போடாதீர்' வேறு ஒட்டியிருந்தது.

"வரிசை தலைகீழா இருந்திருக்குடா" என்றார் அக்கா. குரல் அடங்கிப் போயிருந்தது. "பத்தொம்பது வருஷமா."

சொல்லிவிட்டு எழுந்தார். கூடையை இரண்டு கையாலும் தூக்கினார். மேஜையின் மேல் அப்படியே கவிழ்த்தார். கூடையை மட்டும் மெதுவாக மேலே எடுத்தார். குப்புறக் கிடந்த ஃபைல்களில் தபால்காரம்மாவின் ஃபைல் உச்சியில் இருந்தது.

சின்ன டாக்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மணி பதினொன்று ஐந்து.

"மேல இருக்கறதை எடுங்க டாக்டர்" என்றார் அக்கா. எப்போதும் சொல்வதுதான்.

அதற்கப்புறம் நடந்ததை வார்டு இதுவரை கண்டதில்லை. எழுதி முடித்த தாளைப் பினாயிலே துடைப்பத்தைப் போட்டுவிட்டு மருந்தகத்துக்குக் கொண்டு ஓடினார். நர்ஸ் மாத்திரைகளை விளக்கிக்கொண்டே கூட நடந்து வந்தார். நான் தள்ளிய வேகத்தில் தபால்காரம்மா கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நான் எக்ஸ்பிரஸ் தபால் இல்ல, சாதாத் தபால்தான்" என்றார். பதினொன்று நாற்பதுக்கு அவர் வாசலில். பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு ஒன்பதாம் கட்டிலில் புது விரிப்பு. அக்கா கீழே போன் போட்டு, "கட்டில் இருக்கு" என்றார்.

தங்கைக்கு ஒரு விரல்தான் போனது. பாதம் தப்பித்தது.

சாயங்காலம் வார்டுக்கு வெளியே பெஞ்சில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அழுதுகொண்டிருப்பார் என்று நினைத்துப் போனேன். கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு ஆறு பேர், வருஷத்துக்கு இத்தனை, பத்தொன்பது வருஷத்துக்கு இத்தனை என்று விரல் மடக்கினார்.

"உன் பொண்டாட்டிக்கு அன்னிக்கு எத்தனை மணிக்குடா சொன்னாங்க?"

"அது எதுக்குக்கா இப்ப."

"சொல்லு."

"எட்டு அஞ்சுக்கு. ரவுண்ட்ஸ்ல முதல் கட்டில்."

அக்கா இன்னொரு விரலை மடக்கினார். "அடியில கிடந்திருக்கா பாவம்" என்றார் பிறகு. "நியாயம் பேசி உன்னையும் உக்கார வெச்சுட்டேன். மனசுல வெச்சுக்காதடா."

எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. என் மேல்தான் வந்தது. நாலு வருஷமாக அடியில் கிடந்தவர்களை வைத்து ஓசி டீ குடித்தவன் நான்தானே. அன்றைக்குப் பந்தயத்தில் தோற்றிருந்தேன். கேன்டீனுக்குப் போய் பினாயிலுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அதோடு அந்தப் பந்தயம் முடிந்தது.

மறுநாள் பிஸ்கட் சாரிடம் விஷயத்தைச் சொன்னோம். சுவரில் ஒட்டியிருந்த இருபத்தேழு சீட்டையும் ஒவ்வொன்றாக மறுபடி படித்தார்.

"பிஸ்கட்ல இது வராதா சார்?" என்று கேட்டேன். குத்தலாகத்தான்.

"வராதுப்பா. பெல்ட்ல போற பிஸ்கட் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காராது" என்றார். நல்ல மனிதர். ஒரு மஞ்சள் சீட்டை என் கையில் கொடுத்து, கண்டுபிடித்ததை நீயே எழுதி ஒட்டு என்றார். 'மேலே வைக்காதே, பின்னால் வை' என்று எழுதினேன். இரண்டு எழுத்துப் பிழையோடு இன்னும் இருக்கிறது.

கூடைக்குப் பதிலாக ஃபைல்களை நிறுத்தி வைக்கும் தகர அடுக்கு வந்தது. பின்னால் செருகுவது, முன்னால் எடுப்பது. கண்ணாடித் தடுப்பில் இருந்த நோட்டீஸ்களை அக்காவே ஸ்கேல் வைத்துச் சுரண்டினார். இரண்டு நாள் ஆனது. அடியில் 'வணக்கம்' என்று எப்போதோ யாரோ ஒட்டிய ஒன்று அகப்பட்டது, அதை மட்டும் விட்டுவைத்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் காதில் பூ சுற்றுகிறேன் என்பீர்கள். மருந்தக லிஃப்ட் இன்னும் வாரத்துக்கு ஒருமுறை படுத்துவிடுகிறது. ஆறு மணி நாற்பது நிமிடம் மூன்றரை மணி நேரத்துக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் முதலில் செருப்பு மாட்டியவர் முதலில் போகிறார்.

தங்கையிடம் இதையெல்லாம் நான்தான் சொன்னேன். படுத்துக்கொண்டே கேட்டுவிட்டு அக்கா பக்கம் திரும்பினார்.

"இறங்கறவங்களுக்கு வழி விடுங்கன்னு இருபது வருஷமா தொண்டை கிழியக் கத்திட்டிருக்கேன். ஊரே கேட்டுச்சு. வீட்டுல இருக்கறவளுக்கு மட்டும் விழல பாரு."

"ரெண்டு வாரம் காலுறைக்குள்ள விரலை ஒளிச்சு வெச்சவ பேசாதே" என்றார் அக்கா.

பத்தாம் நாள் தங்கைக்கு வீடு. முந்தின நாளே பெரிய டாக்டர் வந்து, "போக..." என்று ஆரம்பித்து, சுவரில் இருந்த முதல் மஞ்சள் சீட்டைப் பார்த்து மென்று விழுங்கி, "நாளைக்குப் பதினோரு மணிக்கு" என்றார். மறுநாள் பத்தேமுக்காலுக்கே தாள், மருந்து எல்லாம் தயார். நான் நாற்காலியைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"எனக்கெதுக்கு இது? நான் பஸ்லயே உக்காந்ததில்ல" என்றார் தங்கை.

வீட்டுக்குப் போகிறவரை வாசல் வரை நாற்காலியில்தான் கொண்டுபோக வேண்டும். விதி. அதை எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கி வைத்திருப்பதே சீல் அக்காதான். அவர் முகத்தைப் பார்த்தேன். அக்கா தங்கையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு விரலும் ஒரு கட்டும், அதற்கென்று கொடுத்த அகலமான செருப்புக்குள்.

"நடக்கட்டும்" என்றார். "நீ நாற்காலியைப் பின்னாடி தள்ளிட்டு வா."

தங்கை ஒரு கையால் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை ஊன்றி ஊன்றி நடந்தார். ஒவ்வொரு கட்டிலின் பக்கத்திலும் நின்று, டிக்கெட் வாங்கியாச்சா என்று கேட்டார். நடைபாதையில் எதிரே வந்தவர்களை, "வழி விடுங்க, இறங்கறவங்க இருக்காங்க" என்று ஒதுக்கினார். நான் காலி நாற்காலியை அவர்கள் வேகத்துக்குத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன்.

வாசலில் பிஸ்கட் சார் வாட்சோடு நின்றிருந்தார். "இருபத்தாறு நிமிஷம். நாலு நிமிஷத்துல முடியணும். தாமதத்துக்குக் காரணம் எழுதணுமேம்மா" என்றார், கொஞ்சம் தயங்கி.

அக்கா திரும்பாமலே சொன்னார். "நடந்து போனாள்னு எழுதிக்கோங்க."

அவர் அப்படியே எழுதிக்கொண்டார். ஒன்பதாம் கட்டிலுக்கு வர வேண்டிய அடுத்த ஆள் கீழே காத்திருந்ததால், நான் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போனேன்.